கோட்டனூவில் இறங்கிய புழுங்கல் அரிசி

2017 தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்கு, கோட்டனூ என்னும் துறைமுக நகருக்கு, அரிசி இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்காகச் சென்றேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளர் என்னைக் கிடங்குக்கு அழைத்துப் போனார். 50 கிலோ மூட்டைகள் கூரைக்குச் சற்றுத் தாழ்வாக அடுக்கப்பட்டிருந்தன. அவர் ஒரு மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்து, அதன் பள்ளத்தில் வந்த அரிசியை என் உள்ளங்கையில் கொட்டினார். இளமஞ்சள் நிறம், முகர்ந்தால் அவித்துக் காயவைத்த நெல்லின் வாசனை. காக்கிநாடாவில் கப்பலேறிய புழுங்கல் அரிசி அது. ஊர் ரைஸ்மில் வாசலில் நிற்பதுபோல ஒரு கணம் தோன்றியது. அன்று மாலை தெருவோரச் சாப்பாட்டுக் கடையில் எனக்குப் பரிமாறப்பட்டதோ வெள்ளை வெளேரென்ற பச்சரிசிச் சோறு. மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. கிடங்கில் இத்தனை ஆயிரம் மூட்டை புழுங்கல் அரிசி இருக்க, ஊரில் ஒருவர் இலையிலும் அதைக் காணவில்லையே என்று லாரிகளுக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கையை மட்டும் கிழக்கே நீட்டினார்.

கிழக்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், நைஜீரியா இருக்கிறது.

இரு நாடுகளும் 1960-இல், இரண்டு மாத இடைவெளியில் விடுதலை பெற்றவை. ஆகஸ்ட் 1 அன்று பிரான்சிடமிருந்து பெனின், அக்டோபர் 1 அன்று பிரிட்டனிடமிருந்து நைஜீரியா. அப்போது பெனினின் பெயர் டஹோமி. 1972-இல் ஆட்சியைப் பிடித்த மாத்தியூ கெரெக்கூ 1975-இல் அதைப் பெனின் என்று மாற்றினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெண்கலச் சிற்பங்களுக்குப் புகழ்பெற்ற பழைய பெனின் அரசும் பெனின் நகரமும் இருப்பது நைஜீரியாவில். பெனின் குடியரசு தனக்குப் பெயர் எடுத்துக்கொண்டது கடற்கரையை ஒட்டிய பெனின் வளைகுடாவிலிருந்து. பெயரிலேயே பக்கத்து வீட்டுச் சாயல் விழுந்துவிட்டது. ஒருபுறம் 20 கோடிக்கு மேல் மக்கள், கச்சா எண்ணெய், லாகோஸ் என்னும் மாபெரும் சந்தை. மறுபுறம் ஏறத்தாழ 1.4 கோடி மக்கள், பருத்தி, முந்திரி, ஒரு துறைமுகம். நடுவில் 700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் எல்லை.

அரிசிக் கணக்கைப் பார்த்தால் இந்த அண்டை உறவின் உருவம் தெரிந்துவிடும். 2017-இல் தாய்லாந்திலிருந்து மட்டும் பெனினுக்குச் சென்ற அரிசி சுமார் 18 லட்சம் டன். அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 1.1 கோடி. கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஆண்டுக்கு 160 கிலோ வருகிறது; இந்தியாவிலிருந்து வந்ததை நான் இன்னும் சேர்க்கவில்லை. மக்காச்சோளமும் பெருவள்ளிக்கிழங்கும் மரவள்ளியுமே முதன்மை உணவாக உள்ள ஒரு நாடு இவ்வளவு அரிசியைத் தின்ன முடியாது. அதிலும் பெனினியர் விரும்புவது பச்சரிசி. புழுங்கல் அரிசியைக் கேட்பவர் நைஜீரியர். அவர்களுடைய ஜொலோஃப் சோற்றில் தக்காளியும் மிளகாயும் எண்ணெயும் சேர்ந்து கொதிக்கும்போது பருக்கை குழையாமல் நிற்க வேண்டும், அதற்குப் புழுங்கல் அரிசிதான் தோதானது. ஆகவே கோட்டனூவில் இறங்கும் ஒரு மூட்டை எந்த நாட்டு அடுப்புக்குப் போகப்போகிறது என்பதை, அதற்குரிய காகிதங்களைப் பார்க்காமல், அரிசியின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

நைஜீரியா தன் துறைமுகங்கள் வழியாகவே நேராக இறக்குமதி செய்துகொள்ளலாமே என்று எவருக்கும் தோன்றும். அங்கேதான் தீர்வை குறுக்கே வருகிறது. உள்நாட்டு நெல் உழவரைக் காப்பதற்காக நைஜீரியா அரிசி மீதான தீர்வையையும் கூடுதல் வரியையும் உயர்த்திக்கொண்டே போய், 2013-இல் இரண்டும் சேர்ந்து 110 சதவீதத்தை எட்டின. 2015-இல் அந்நாட்டு மத்திய வங்கி 41 வகைப் பொருள்களின் இறக்குமதிக்கு டாலர் தர மறுத்தது. அரிசியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2016-இல் தரைவழியாக அரிசி வருவது தடை செய்யப்பட்டது. அதே காலத்தில் கெப்பி மாநிலத்தில் நெல் உழவருக்குக் கடன் தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. லாகோஸ் மாநிலமும் கெப்பி மாநிலமும் சேர்ந்து ‘லேக் ரைஸ்’ என்ற பெயரில் சொந்த அரிசியை விற்றன. நைஜீரியாவின் நோக்கத்தில் நான் குறை காண மாட்டேன். தன் வயலில் விளையக்கூடியதை அந்நியச் செலாவணி கொடுத்து வாங்குவதில் எந்த நாட்டுக்குத்தான் விருப்பம் இருக்கும்? ஆனால் தடை எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு லாபம் எல்லைக்கு இப்பால் குவிந்தது. பழைய கார்கள், உறையவைத்த கோழி ஆகியவற்றின் கதையும் இதுவே. நைஜீரியா எதைத் தடுத்ததோ அதைப் பெனின் இறக்கியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் இறக்கிய அரிசிக்குப் பெனின் சுங்கத்தில் வரி கட்டினோம். ரசீதுகளைக் கோப்பில் அடுக்கியவன் நானே. பெனின் சட்டப்படி எல்லாமே ஒழுங்கான வணிகம். அந்த வரி அரசின் வருவாயில் முக்கியமான பங்கு. வாடிக்கையாளர் கிடங்குக்கு வந்து பணம் கொடுத்து மூட்டையை ஏற்றிச் செல்வார், எங்கள் பேரேடு அங்கே முடிந்துவிடும். அதற்கப்பால் நடப்பதற்கு யொரூபா மொழியில் ‘ஃபயாவோ’ என்று ஒரு சொல் உண்டு. வயிற்றால் ஊர்ந்து போவது என்பது அதன் நேர்ப்பொருள்; கடத்தல் என்பது வழக்குப் பொருள். காயலில் படகாகவும், புதர்ப் பாதையில் இருசக்கர வண்டியாகவும், பின்னிருக்கை கழற்றப்பட்ட பழைய காராகவும் அந்த ஊர்தல் நடக்கும். அந்தப் பக்கம் போனதும் அரிசி உள்நாட்டு முத்திரையிட்ட சாக்குக்கு மாறிவிடுவதும் உண்டு. ஒரே மூட்டை, ஒரே நாள், ஒரே சாலை. காலையில் வணிகச் சரக்கு, மாலையில் கடத்தல் சரக்கு. என் ஆசிரியர் கற்பித்த கணக்கியலில் இதற்கு ஒரு தலைப்பு இல்லை.

எல்லையின் பிறப்பை நினைத்தால் இது வியப்பாகவும் இருக்காது. 1889 ஆகஸ்டில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஓர் உடன்பாடு கடற்கரையிலிருந்து ஒன்பதாம் அட்சரேகை வரை கோடு கிழித்தது. கேட்டு என்னும் யொரூபா அரசு அதில் இரண்டாகப் பிளந்தது. அரசரின் ஊர் பிரெஞ்சுப் பக்கத்திலும், அவருக்குக் கட்டுப்பட்டிருந்த மெக்கோ போன்ற ஊர்கள் ஆங்கிலேயப் பக்கத்திலும் விழுந்தன. தெற்கே பெனினின் தலைநகரான போர்ட்டோ நோவோவிலும் நைஜீரியாவின் படாக்ரியிலும் வாழும் குன் மக்கள் ஒரே மொழி பேசுகிறவர்கள். வடக்கே போர்கு நாட்டின் நிக்கி இந்தப் பக்கம், புஸ்ஸா அந்தப் பக்கம். எங்கள் கிடங்கில் மூட்டை தூக்கிய ஒருவர், தன் தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக அயல்நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் குறை இல்லை, பெருமைதான் இருந்தது; இரண்டு நாணயமும் அவர் சட்டைப்பையில் இருக்கும்.

நாணயமும் இந்த உறவில் ஒரு பாத்திரம். பெனின் பயன்படுத்தும் சி.எஃப்.ஏ. பிராங்க் முன்பு பிரெஞ்சு பிராங்குடனும் இப்போது யூரோவுடனும் பிணைக்கப்பட்டது. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்பது அசையாத விகிதம். 1994 ஜனவரியில் அதன் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டதைத் தவிரப் பெரிய அதிர்ச்சி கிடையாது. நைஜீரியாவின் நாணயமான நைராவோ எண்ணெய் விலையோடும் அரசின் மனநிலையோடும் ஏறி இறங்கும். அசையாத நாணயமும் ஆடும் நாணயமும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால் நடுவில் நிற்கும் தரகனுக்கு வேலை ஓயாது.

அரசுகளுக்கு இடையில் நேரான, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் உறவும் இருந்தது. நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பயாஃப்ரா போரின்போது, 1969-இல், செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரண விமானங்கள் கோட்டனூவிலிருந்து பறந்தன. எண்ணெய்ப் பணம் பெருகிய காலத்தில் நைஜீரியா பெனினோடு கூட்டுச் சேர்ந்து, சாவே நகரில் சர்க்கரை ஆலையும் ஒனிக்போலோவில் சிமெண்ட் ஆலையும் அமைத்தது. 1975 மே 28 அன்று லாகோஸில் பிறந்த மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பில் இருவரும் உறுப்பினர்கள். நைஜீரிய மின்சாரம் கம்பி வழியாகவும், நைஜீரிய எரிவாயு பெரும்பாலும் கடலடியில் ஓடும் 678 கிலோமீட்டர் நீள மேற்கு ஆப்பிரிக்கக் குழாய் வழியாகவும் பெனினுக்கு வருகின்றன. இவையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டவை.

எழுதப்படாதது, கதவை மூடும் பழக்கம். 1983 ஜனவரியில், எண்ணெய் விலை சரிந்ததும், ஆவணமற்ற வெளிநாட்டவர் அனைவரும் வெளியேற வேண்டும் என்று நைஜீரியா ஆணையிட்டது. சுமார் 20 லட்சம் பேர், பாதிக்கு மேல் கானா நாட்டவர், கட்டம்போட்ட பெரிய பைகளோடு மேற்கே நடந்தார்கள். கானா தன் தரை எல்லையை முன்பே மூடியிருந்தது, டோகோவும் மூடிக்கொண்டது, கூட்டம் முழுவதும் நடுவில் பெனினில் சிக்கிக்கொண்டது. 1984 ஏப்ரலில் ராணுவ ஆட்சியாளராக இருந்த முகம்மது புகாரி நைராத் தாள்களை மாற்றுவதற்காக எல்லையை மூடினார். அது திறக்க 1986 ஆயிற்று. 2003 ஆகஸ்டில் அப்போதைய நைஜீரிய அதிபர் ஒபசாஞ்சோ, கார்க் கொள்ளையர்களுக்குப் பெனின் புகலிடம் தருகிறது என்று சொல்லிச் சில நாட்கள் மூடினார். அண்டை வீட்டாரிடம் பேசிப் பயனில்லை என்று தோன்றும்போதெல்லாம் கதவைச் சாத்திப் பார்ப்பது நைஜீரியாவின் வழக்கமாகிவிட்டது. அந்தக் கதவு சிறிய வீட்டுக்கு மூச்சுக்குழல் என்பதால் சாத்தியதும் பதில் கிடைக்கும்.

எதிர்த்திசையில் வந்தது பெட்ரோல். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பெண்மணி மரப்பலகை ஒன்றில் கடை வைத்திருந்தார். எல்லாரும் அவரைத் ‘தாந்தி’ என்று அழைப்பார்கள். அத்தை என்று பொருள். பலகையில் ஒரு லிட்டர் மதுப்புட்டிகள் வரிசையாக, கீழே வயிறு பருத்த பெரிய கண்ணாடிக் குடுவைகள், எல்லாவற்றிலும் தேன் நிறத்தில் பெட்ரோல். இருசக்கர வாடகை வண்டி வந்து நின்றதும் புனலில் துணியைப் போட்டு வடிகட்டி ஊற்றுவார். நின்ற வண்டி அரை நிமிடத்தில் புறப்பட்டுவிடும். இதற்குப் பெயர் ‘க்பாயோ’. குன் மொழியில், அசல் அல்லாதது என்று பொருள். உண்மையில் பெட்ரோல் அசல்தான், வந்த வழிதான் அசல் அல்ல. நைஜீரிய அரசு மானியம் கொடுத்து லிட்டர் 145 நைராவுக்கு விற்ற காலம் அது. பெனின் நாணயத்தில் சுமார் 235 பிராங்க். கோட்டனூவின் முறையான பம்புகளில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிளாஸ்டிக் கேன்களை நாலாபுறமும் கட்டிக்கொண்டு, ஓட்டுபவரின் தலைமட்டும் தெரிய, எல்லையிலிருந்து வரும் வண்டிகளைப் பார்த்தால் யாரும் ஒதுங்கி நிற்பார்கள். பெனினில் ஓடிய பெட்ரோலில் பெரும்பங்கு இப்படி வந்ததே. இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: நைஜீரிய அரசு ஒரு கையால் தன் மக்களின் சோற்றுக்கு விலையை ஏற்றியது, மறுகையால் பெனினியரின் பெட்ரோலுக்கு மானியம் கொடுத்தது. இரண்டும் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் எடுத்த முடிவுகள். கோட்டனூவில் அவற்றுக்கு விலை மட்டும் எழுதினோம்.

2018 அக்டோபர் 23 அன்று சேமே எல்லையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் கட்டப்பட்ட கூட்டுச் சோதனைச் சாவடியை, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த புகாரியும் பெனின் அதிபர் பத்ரிஸ் தலோனும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின்கீழ் இருந்து சரக்கைச் சோதித்து அனுப்புவது என்பது ஏற்பாடு. 2019 ஜூலையில் நியாமேயில் புகாரி ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிக ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். அடுத்த மாதம் 20-ஆம் தேதி எல்லை மூடப்பட்டது.

அன்று எங்கள் கப்பல் ஒன்று துறைமுகத்தில் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தது. காலையில் வந்த முதல் தொலைபேசி அழைப்பில், சேமேயில் லாரிகள் நிற்கின்றன, வழக்கமான சோதனைதான், மாலைக்குள் விட்டுவிடுவார்கள் என்றார்கள். மாலையில் ராணுவமும் சுங்கமும் காவல்துறையும் ஒன்றாக நிற்கும் செய்தி வந்தது. அந்த மாதக் கடைசியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நடந்த மாநாட்டில் தலோனைச் சந்தித்த புகாரி, அரிசிக் கடத்தல் நைஜீரியாவின் தன்னிறைவைக் குலைக்கிறது என்று காரணம் சொன்னார். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கழிந்தது. கிடங்கில் மூட்டைகள் நகரவில்லை. மழைக்கால ஈரத்தில் வண்டு பிடித்தது. மருந்துப் புகை போட்டார்கள், மறுபடியும் வண்டு வந்தது. நாட்கூலிக்கு மூட்டை தூக்கியவர்களில் பாதிப் பேரை வரவேண்டாம் என்றார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். இரண்டு நாணயம் வைத்திருந்தவரின் பெயரும் அதில் இருந்தது.

எங்கள் அரிசியாவது கடத்தல் பழியோடு பிறந்தது. தக்காளியும் அன்னாசியும் பெனின் உழவர் தம் மண்ணில் விளைவித்து, ஒழுங்காக நைஜீரியாவுக்கு விற்றவை. அவையும் எல்லையில் நின்று அழுகின. எங்கள் காவலாளி ஒருநாள் கைவண்டி நிறைய அன்னாசி வாங்கி வந்தார். விலையைக் கேட்டதும் எனக்குச் சாப்பிடவே கூச்சமாக இருந்தது. நைஜீரியப் பக்கமும் நிம்மதி இல்லை. நவம்பரில், எல்லையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் உள்ள பம்புகளுக்குப் பெட்ரோல் அனுப்பத் தடை விதிக்கப்பட்டது. கடத்தலில் தொடர்பே இல்லாதவர்களும் எல்லையோரத்தில் வாழ்ந்த குற்றத்துக்காக வண்டியைத் தள்ளினார்கள். மூடிய மாதத்தில் 13 சதவீதமாக இருந்த நைஜீரிய உணவுப் பணவீக்கம், 2020 நவம்பரில் 18 சதவீதத்தைத் தாண்டியது. இடையில் கொரோனாவும் வந்ததால் முழுப் பழியையும் எல்லை மீது போட முடியாது. ஆனால் பங்கு உண்டு. பிராந்தியக் கூட்டமைப்பு இதில் என்ன செய்தது என்று கேட்டால், பெரிதாக எதுவும் செய்யவில்லை. தலைமையகம் அபுஜாவில் இருக்கிறது, மிகப் பெரிய உறுப்பினர் நைஜீரியா. வீட்டுக்காரர் கதவைச் சாத்தும்போது குடியிருப்பவர் எப்படிச் சத்தம் போடுவார்?

2020 டிசம்பர் 16 அன்று சேமே உட்பட நான்கு வாயில்களைத் திறப்பதாக நைஜீரியா அறிவித்தது. அதற்குள் நான் ஊர் திரும்பியிருந்தேன். அடுத்த ஜனவரியில் தலோன் அபுஜா சென்றார். சந்திப்புக்குப் பின் நைஜீரிய வெளியுறவு அமைச்சர், பெனின் நைஜீரியாவின் 37-ஆவது மாநிலமாகவே இருக்கத் தயார் என்று தலோன் சொன்னதாகச் செய்தியாளர்களிடம் கூறினார். நைஜீரியாவில் இருப்பவை 36 மாநிலங்கள். பெனினில் எழுந்த கோபத்துக்குப் பிறகு, அது வணிக நெருக்கத்தைக் குறித்த உருவகம் மட்டுமே என்று விளக்கம் வந்தது. தன்மானம் பற்றிய விவாதம் நியாயமானதே. ஆனாலும் என் கணக்கேட்டை நினைத்துப் பார்த்தபோது, அந்த உருவகத்தில் மிகை குறைவு என்றே எனக்குப் பட்டது. ஒரு வேறுபாடு உண்டு: உண்மையான மாநிலமாக இருந்தால் பெனினுக்கு அபுஜாவில் வாக்கு இருந்திருக்கும், இடைவெளியில் கிடைக்கும் லாபம் இருந்திருக்காது.

2023 மே 29 அன்று நைஜீரிய அதிபராகப் பதவியேற்ற போலா டினுபு முதல் நாளிலேயே பெட்ரோல் மானியம் போய்விட்டது என்றார். அடுத்த மாதம் நைராவின் விலையைச் சந்தையிடம் விட்டார்; டாலருக்கு 460 நைராவாக இருந்தது அடுத்த ஆண்டில் 1,500-ஐக் கடந்தது. 2003-இல் துப்பாக்கியும் 2019-இல் ராணுவமும் நிறுத்த முடியாத கடத்தலை இரண்டு நிதி முடிவுகள் வெகுவாகக் குறைத்தன. க்பாயோ விலை சில நாட்களில் ஏறத்தாழ இரட்டிப்பானது. நைரா மெலிந்ததால் நைஜீரியரால் கோட்டனூவில் இறங்கிய அரிசியையும் பழைய கார்களையும் முன்போல வாங்க முடியவில்லை. நைஜீரியச் சரக்கு பெனினியருக்கு மலிவானது. அந்த ஆகஸ்டில் இந்தியாவும் புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி விதித்ததால் (2024 அக்டோபரில் முழுமையாக நீக்கப்பட்டது) எங்கள் பழைய நிறுவனம் இரண்டு பக்கமும் இடிபட்டது. ஆயினும் பெட்ரோல் வியாபாரம் முழுதாக நிற்கவில்லை. 2023 செப்டம்பர் 23 அன்று சேமே அருகே ஒரு கடத்தல் பெட்ரோல் கிடங்கில் தீப்பற்றி 30-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்தியில் வந்த படத்தில் கருகிய வண்டிகளையும் உருகிய கேன்களையும் பார்த்தபோது, எங்கள் எதிர்க்கடைத் தாந்தியின் புனல்தான் என் கண்முன் வந்தது.

2025 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, பெனினில் சில ராணுவத்தினர் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றி ஆட்சியைக் கலைத்ததாக அறிவித்தார்கள். பெனின் அரசு உதவி கேட்டது. நைஜீரியப் போர் விமானங்கள் எல்லையைக் கடந்து வந்தன, பின்னால் படைகளும் வந்தன, முயற்சி அன்றே முறியடிக்கப்பட்டது. நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ என்று வரிசையாக ராணுவ ஆட்சிகளைக் கண்டுவிட்ட டினுபுவுக்குத் தன் மேற்கு வாசலில் இன்னொன்றைப் பார்க்க விருப்பமில்லை என்பது எளிதில் விளங்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் தக்காளி லாரிக்குத் திறக்காத எல்லை அன்று சில மணி நேரத்தில் வானத்தில் திறந்தது.

இரவு, இன்னும் அங்கேயே வேலை பார்க்கும் நண்பரை அழைத்தேன். காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகவும், பகலில் விமானம் தாழப் பறந்ததாகவும், எல்லாரும் வீட்டுக்குள் இருந்ததாகவும் சொன்னார். திங்கட்கிழமை காலை மீண்டும் பேசினோம். அலுவலகத்தைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டேன். திறந்ததும் முதலில் வந்த அழைப்பு லாகோஸ் வாடிக்கையாளருடையது என்றார். ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி விசாரித்தாரா என்றேன். இல்லை, சேமேயில் லாரி நிற்கிறதா போகிறதா என்று மட்டும் கேட்டாராம்.